சாப்பிடாத பிள்ளைக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. இது என்ன?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கங்க. ஒரு வருசமா இங்க எழுதறதையெல்லாம் படிச்சுட்டுத்தான் இருக்கேன், இன்னைக்குத்தான் எழுதறேன். கேக்கறதுக்கு வேற ஆள் இல்லை.

பெரியவளுக்கு 19 வயசு, காலேஜ் ரெண்டாவது வருசம். ஒன்றரை வருசமா சாப்பாட்டைக் குறைச்சுக் குறைச்சு, இப்ப அவ தட்டுல விழறது சின்னக் குழந்தை சாப்பிடற அளவுகூட இல்லை. எளைச்சது ஊருக்கே தெரியுது. ஆனா என்னைக் குழப்பறது அது இல்லைங்க. சாப்பாடே பிடிக்காதவ மாதிரியா இருக்கா? இல்லவே இல்லை. காலைல கண்ணு முழிச்சதும் முதல் கேள்வி, "ராத்திரிக்கு என்னம்மா?" ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள்ள போன் வெளிச்சம் தெரியுதேன்னு போய்ப் பாத்தா, யாரோ பிரியாணிக்குத் தம் போடறாங்க, வச்ச கண்ணு வாங்காம பாத்துட்டு இருக்கா. ஞாயித்துக்கிழமையானா அடுப்படி அவ கையில. தம்பிக்குப் பூரி, பாயாசம்னு செஞ்சு போட்டு, அவன் கடைசி வாய் முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பா. "இன்னொன்னு வச்சுக்கடா"ன்னு கெஞ்சுவா. அவ ஒரு விள்ளல் வாயில வைக்கமாட்டா.

நான் தோசைக்கு எண்ணெய் விடும்போது அவ பார்வை கரண்டியை விட்டு நகராது.

போன மாசம் தட்டுவடை செட் வாங்கிட்டு வந்தேன். சின்ன வயசுல ரெண்டாவது செட் கேட்டுக் கடை வாசல்ல அழுதவ. இப்ப தட்டையைப் பிரிச்சு, நடுவுல இருந்த பீட்ரூட், கேரட் துருவலை ஒவ்வொரு இழையா எடுத்து, ஒட்டியிருந்த சட்னியைப் பேப்பர்ல தொடச்சுத் தொடச்சுத் தின்னா. முக்கால் மணி நேரம். தட்டை ரெண்டும் தம்பிக்கு.

இன்னொன்னும் சொல்லிடறேன். எங்க நாத்தனார் மக கல்யாண ஆல்பம் வந்துச்சு. ஒரு போட்டோவுல பன்னெண்டு பேர் நிக்கறோம். தாய்மாமன் முறைக்கு எங்க வீட்டுக்காரர் மாலையோட நின்னு கண்ணைத் தொடச்சுட்டு இருக்காரு. அவர் அழுது நான் பாத்ததே ரெண்டு தடவைதான். இவ அந்தப் பக்கத்தைக் கால் மணி நேரம் பாத்துட்டு, "என் கை எப்படி இருக்குது பாரும்மா, தூண் மாதிரி"ங்கறா. "அப்பா அழுவறதைப் பாத்தியா கண்ணு?"ன்னேன். நிமிந்து என்னைப் பாத்து, "அப்பா இதுல இருக்காரா?"ன்னு கேட்டா.

அஞ்சு மாசமா தீட்டு வரலை. உச்சி வெயில்லயும் கை சில்லுனு இருக்குது. ஒரு டாக்டர் பசிக்கறதுக்கு டானிக் எழுதிக் கொடுத்தாரு. இன்னொருத்தர் கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்னாரு. மூணாவதா பாத்தவர், "இதுக்குப் பேரே பசியின்மை நோய்"னாரு. பசியில்லாதவளுக்கு எதுக்குங்க எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு?

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 10:58

அம்மா, எழுதியதற்கு நன்றி. பதில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை கிலோ, எத்தனை கலோரி, எப்படிக் குறைத்தார்கள் என்பதை யாரும் எழுத வேண்டாம். இதே நோயில் இருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள். அவர்கள் கண் முதலில் அந்த எண்ணில்தான் போய் நிற்கும்.

பழைய_குகை | திங்கள், இரவு 11:15

தப்பா நெனைக்காதே அம்மணி. எனக்கு வயசு 72. தறிக்குழியில இருந்து எந்திரிச்சா கம்மங்களியும் கீரைக் கடைசலும் இருந்தாலே பெருசுன்னு வளந்தவன். எங்க தெருவுல சாப்பாடு வேண்டாம்னு ஒரு பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. ரெண்டு நாள் யாரும் கெஞ்சாம, கண்டுக்காம விடுங்க. பசி வந்தாப் பத்தும் பறந்து போகும். தானா வந்து தட்டு முன்னாடி உக்காரும்.

மிளகுக்கொடி (ஏற்காடு) | செவ்வாய், காலை 6:20

அம்மா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கலை. உங்க பொண்ணு இருக்கற இடத்துல நான் ஆறு வருசத்துக்கு முன்னாடி இருந்தேன். எனக்கு இப்ப 26.

பசிக்கலைன்னு நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் பொய். பசிச்சுது. அது வயித்துப் பசி மாதிரி வந்துட்டுப் போற பசி இல்லை, தலைக்குள்ள ஒரு ரேடியோ ஓடிட்டே இருக்கற மாதிரி. காலேஜுக்கு சேலம் இறங்கி, சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது முடியறதுக்குள்ள மறுநாள் சாப்பாட்டை மூணு தடவை கணக்குப் போட்டுக் கூட்டிக் கழிச்சிருப்பேன். பக்கத்துல உக்காந்திருந்த ஃப்ரெண்டு அவங்க வீட்டுல அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு அழுதுட்டே வந்திருக்கா. நான் "ம்" கொட்டிட்டு வந்திருக்கேன். ஒரு வார்த்தை என் காதுல விழலை. அவங்க அப்பா செத்ததுக்கப்புறம்தான் அவ அன்னைக்குச் சொன்னதே எனக்குத் தெரிஞ்சுது. என் எடையை விட அதுதான் எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

மத்தவங்களுக்கு சமைச்சுப் போட்டது, நானும் செஞ்சேன். பக்கத்துல நின்னு அவங்க சாப்பிடறதைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் சாப்பிட்ட மாதிரி இருக்கும். உங்க பொண்ணு தம்பிகிட்ட "இன்னொன்னு வச்சுக்கடா"ன்னு கெஞ்சறது நடிப்பு இல்லைம்மா. அவ வாய்க்குப் பதிலா அவன் வாய்.

பெரியவர் ஐயா, கண்டுக்காம விடச் சொன்னீங்க. என்னை அப்படித்தான் விட்டாங்க. நான் தட்டு முன்னாடி வரலை. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்.

நிழல்மரம் | செவ்வாய், மதியம் 1:35

நான் மருத்துவ உளவியல் படித்து 11 வருடமாகத் தொழில் செய்கிறேன். அம்மா கேட்ட கேள்வியை எங்கள் பாடப் புத்தகம் எழுதியவர்களே கேட்டிருக்க வேண்டும். "அனொரெக்சியா" என்றால் பசியில்லாமை. 1870-களில் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் வைத்த பெயர். அதைத் தமிழில் "பசியின்மை" என்று அப்படியே பெயர்த்துவிட்டோம். பெயரைக் கேட்டவுடன் டானிக் எழுதத் தோன்றுகிறது. பசி அங்கே நிறையவே இருக்கிறது. பயம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் சொன்ன பழமொழி முழுக்க உண்மை ஐயா. ஆனால் அது உங்கள் வாதத்துக்கு எதிராகப் பேசுகிறது. பத்தும் பறந்துபோனால் மிச்சம் என்ன? பசி ஒன்றுதான். 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போரில் சேர மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். நல்ல உடம்பு, தெளிந்த புத்தி, தாங்களாக முன்வந்தவர்கள். மறுவருடம் 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. போர் முடிந்ததும் பட்டினியில் கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

அவர்களில் யாருக்கும் குண்டாகிவிடுவோம் என்ற பயம் கிடையாது. இருந்தும் என்ன நடந்தது? படிப்பு, அரசியல், காதல் எல்லாம் வெளிறிப் போயின. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மணிக்கணக்காகத் தின்றார்கள். தட்டை நக்கினார்கள். கனவிலும் சோறு. தட்டுவடையில் இழை பிரிக்கும் பெண்ணைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இந்த நடத்தையில் பெரும்பகுதி குணக்கோளாறு அல்ல, பிடிவாதம் அல்ல. பட்டினி கிடக்கும் எந்த மூளையும் செய்யும் வேலை அது: உணவு எங்கே, எங்கே என்று தேடுவது. எனவே பட்டினி போட்டால் இது தெளியாது, முற்றும்.

மினசோட்டா இளைஞர்களுக்குச் சாப்பாடு மறுபடி கிடைத்தபோது சாப்பிட்டார்கள். உங்கள் பெண்ணுக்குச் சாப்பாடு எதிரில்தான் இருக்கிறது. எடுக்க முடியவில்லை. நோய் அந்த இடத்தில் இருக்கிறது.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை) | செவ்வாய், மாலை 5:10

இதெல்லாம் செல்போன் வந்ததால வந்ததுதானே மேடம்? ரீல்ஸ்ல வர்ற பொண்ணுங்களைப் பாத்துப் பாத்து...

நிழல்மரம் | செவ்வாய், மாலை 6:02

பங்கு உண்டு. ஃபிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. பெண் நல்ல வாட்டசாட்டமாக இருப்பதைக் கொண்டாடும் ஊர். டிவி வந்த சமயத்திலும் மூன்று வருடம் கழித்தும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் கேட்டார். எடைக்காக வாந்தி எடுப்பதாக முதல் தடவை ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் போன் தலையில் கட்டிவிடவும் முடியாது. 1995-இல் டெல்லியில் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, வாந்தி, மெலிவு, மாதவிலக்கு நின்றது எல்லாம் இருந்தது. மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்கிற உடல்தோற்றக் குழப்பம் மட்டும் இல்லை. நம் ஊரில் "வயிறு மந்தம்", "நெஞ்சுல நிக்குது" என்று வருகிற சில பெண்கள் இந்த நோயோடுதான் வருகிறார்கள். குண்டாகிவிடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லாததால் நாமும் வயிற்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 11:30

மிளகுக்கொடி கண்ணு, நீ எழுதினதை மூணு தடவை படிச்சேன். மேடம், உங்களுக்கும் நன்றிங்க.

நான் ஒன்னு யோசிச்சேன், சரியான்னு சொல்லுங்க. எனக்குக் கொலுசு வேலை. பற்ற வச்சு வர்ற கொலுசுல எங்க விட்டிருக்குது, எந்த மணி ஆடுதுன்னு பாத்துப் பிரிக்கறது என் வேலை. மஞ்ச பல்பு வெளிச்சத்துல காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கண்ணு அதுலயேதான். இருபது வருசம் ஆச்சு. இப்ப கல்யாண மண்டபத்துக்குப் போனேன்னா எனக்கு யார் மூஞ்சியும் தெரியறதில்லைங்க. கால்தான் தெரியும். தெரிஞ்சவங்க எதிர்ல வந்து சிரிப்பாங்க, நான் அவங்க கொலுசுல வலது பக்கம் மூணாவது கண்ணி இளகியிருக்கறதைப் பாத்துட்டு நிப்பேன். பாக்கணும்னு பாக்கறதில்லை. கண்ணு தானா போய் விழுது. நல்லா இருக்கற எழுபது கண்ணி கண்ணுக்குத் தெரியாது, விட்டுப்போன ஒன்னுதான் பளிச்சுனு தெரியும்.

ஆல்பத்துல அவளுக்கு அப்பா தெரியாம கை தெரிஞ்சது இது மாதிரியா?

நிழல்மரம் | புதன், காலை 9:15

அம்மா, இதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். இதைவிடச் சரியாக எனக்கு விளக்கத் தெரியாது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1935-இல் ஸ்ட்ரூப் என்பவர் ஒரு சோதனை செய்தார். நீல மையில் "சிவப்பு" என்று எழுதியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். நாக்கு தடுமாறும், ஏனென்றால் சொல் நம் அனுமதி கேட்காமல் கவனத்தை இழுக்கிறது. அதே சோதனையில் நிறப்பெயருக்குப் பதில் "கேக்", "தொடை", "குண்டு" போன்ற சொற்களை வைத்து 1980-களின் பிற்பகுதியிலிருந்து உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் செய்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு நிறத்தைச் சொல்லக் கூடுதல் நேரம் ஆகிறது. சாதாரணச் சொல்லுக்கு ஆகாத தாமதம் அந்தச் சொற்களுக்கு மட்டும். பசியோடு இருக்கும் எவருக்குமே உணவுச் சொல்லில் கொஞ்சம் தடுமாற்றம் வரும். அதனால் இதில் எவ்வளவு நோய், எவ்வளவு வெறும் பசி என்று பிரிப்பதில் சண்டை இருக்கிறது.

எனக்கு இன்னும் மனதில் நிற்பது 2005-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு. கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிந்தார்கள். தன் படத்தையும் பிறர் படத்தையும் காட்டினார்கள். கோளாறின் அறிகுறி உள்ள பெண்கள், தன் படத்தில் தனக்குப் பிடிக்காத இடத்தையே அதிகம் பார்த்தார்கள். அடுத்தவள் படத்தில் அவளிடம் இருக்கிற அழகான இடத்தைப் பார்த்தார்கள். கோளாறு இல்லாதவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள்: தன்னிடம் நல்லதையும் அடுத்தவரிடம் குறையையும். நாம் நிம்மதியாக நடமாடுவதற்குக் காரணம் நம் உடம்பு அழகாக இருப்பது அல்ல, நம் கண் நமக்குச் சாதகமாகப் பார்ப்பது. அந்தச் சலுகை உங்கள் மகளுக்கு இப்போது இல்லை.

கண் ஓரிடத்தையே பார்த்தால் அந்த இடம் பெரிதாகத் தெரியும். அடிக்கடி கண்ணாடி பார்ப்பது, மணிக்கட்டை விரலால் சுற்றி அளப்பது, இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பது, எல்லாம் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். தீர்வதில்லை. ஒரு பருவை விரலால் தடவிக்கொண்டே இருந்தால் முகம் முழுக்கப் பருவாகத் தோன்றுமே, அப்படி.

மிளகுக்கொடி | புதன், காலை 9:48

ஆமாங்க மேடம். அதோட எதிர்ப்பக்கமும் உண்டு. கண்ணாடியே பாக்காம ஒரு வருசம் இருந்தேன், பாத்ரூம் கண்ணாடில பேப்பர் ஒட்டி. அப்பவும் நினைப்பு அதுலதான் இருந்துச்சு. சிகிச்சைல பெரிய கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு இடமா, நல்லது கெட்டது சொல்லாம, இருக்கறதை மட்டும் சொல்லச் சொன்னாங்க. "தோள் வட்டமா இருக்குது. முட்டில ஒரு தழும்பு இருக்குது." அந்தத் தழும்பு அஞ்சாங்கிளாஸ்ல காப்பித் தோட்டத்துல விழுந்தப்ப வந்தது. அதைப் பாத்து எத்தனையோ வருசம் ஆகியிருந்துச்சு. என் கால்தான், என் முட்டிதான், தினமும் அந்தத் தொடையை அளந்தவதான், நாலு விரல் கீழ இருந்த தழும்பை நான் பாக்கவே இல்லை. அன்னைக்கு அழுத மாதிரி நான் அழுததில்லை.

அஸ்தம்பட்டி_அப்பா | புதன், இரவு 8:20

பொண்ணுங்களைப் பத்தியே பேசறீங்க. என் பையனுக்கு 21. ஜிம்முக்குப் போறான். நல்லா திரண்ட உடம்பு, ஆனா அவன் கண்ணுக்கு அவன் நோஞ்சான். சிக்கன், முட்டை எடை போட்டுத்தான் சாப்பிடறான். தங்கச்சி நிச்சயதார்த்தத்துல இலையில உக்கார மாட்டேன்னு டப்பாவுல கொண்டு வந்த சாப்பாட்டை மொட்டை மாடில நின்னு தின்னான். பெருமையா நினைச்சுட்டு இருந்தேன். இந்த இழையைப் படிச்சதும் பயமா இருக்குது.

நிழல்மரம் | புதன், இரவு 9:05

உங்கள் பயம் நியாயமானது. ஆண்களுக்கும் வரும். ஆண் என்பதால்தான் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. இருக்கிற தசை போதாது என்றே கண் காட்டுகிற நிலைக்கும் சிகிச்சை உண்டு. ஊசியோ பவுடரோ ஏதாவது எடுக்கிறாரா என்று கோபப்படாமல் கேளுங்கள்.

பல்மருத்துவர்_சேலம் | வியாழன், காலை 7:30

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் மேல்வரிசை முன்பல்லின் உட்பக்கம் எனாமல் அரித்து வழவழவென்று இருக்கும். பல சமயம் அதை முதலில் பார்ப்பது நாங்கள்தான். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கினால் அமிலத்தோடு சேர்த்து எனாமலையும் தேய்த்துவிடும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும். இன்னொன்று: உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிக் கன்னம் உப்பும். அந்தப் பிள்ளை கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு "முகம் குண்டாகிவிட்டது" என்று மறுபடி வாந்தி எடுக்கும். கன்னத்தைப் பார்த்து "தேறிட்டியே" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பழைய_குகை | வியாழன், மதியம் 3:40

நான் எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். மிளகுக்கொடி எழுதினது மனசைப் போட்டு அறுத்துருச்சு. எங்க அக்கா ஒருத்தி இருந்தா. எப்பப் பாத்தாலும் விரதம். வெள்ளி, செவ்வாய், சஷ்டி, ஏகாதசி, கேட்டா சாமிக்குன்னு சொல்லும். ஊரெல்லாம் புண்ணியவதின்னு சொன்னோம். 24 வயசுல எலும்பா செத்துப் போச்சு. காசநோய்னு சொன்னாங்க. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எங்கம்மா அடுப்படில அழும்போது அக்கா பக்கத்துல உக்காந்து எங்க எல்லாருக்கும் பணியாரம் சுட்டுப் போடும். அந்த ஞாபகம் இப்பத்தான் வருது.

விரதத்துக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது தாயி?

வார்டு_சிஸ்டர் | வியாழன், இரவு 10:10

ஐயா, மனநல வார்டில் 26 வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் சொல்கிறேன். விரதத்துக்குப் பாரணை உண்டு. துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்து மனம் நிறைந்து சாப்பிடுவார்கள், குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். முடிக்க முடியாத விரதம், ஒவ்வொரு வாரமும் நாள் கூடிக்கொண்டே போகிற விரதம், பாரணைக்கு உட்காரும்போது முகத்தில் பயம் தெரிகிற விரதம், இது வேறு. உங்கள் அக்காவை நினைத்து நானும் வருத்தப்படுகிறேன்.

கொலுசுப்பட்டறை அம்மா, தீட்டு நின்றது, கை சில்லிட்டது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் தள்ளிப்போடாதீர்கள். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பொது மருத்துவரிடம் நாடி, ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றால் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம் இருந்தால் அன்றைக்கே, அந்த நேரமே கூட்டிப் போங்கள். ராத்திரி யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ். 2022-இல் தொடங்கிய இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கவனமாகப் படியுங்கள்: ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குப் பாசத்தில் திடீரென்று விருந்து போடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நிற்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்டவர்கள் பலர் அப்படித்தான் இறந்தார்கள். எவ்வளவில் ஆரம்பிப்பது, எப்படி ஏற்றுவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது? பதின்வயதுப் பிள்ளைகளுக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான ஒரு முறை உண்டு. நோயைப் பிள்ளையிடமிருந்து பிரித்துப் பார்த்து, கொஞ்ச காலம் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றவர்கள் எடுத்துக்கொள்வது. உங்கள் மகளுக்கு 19, அவள் சம்மதமும் வேண்டும், மருத்துவர் வழிகாட்ட வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை எந்த வீட்டுக்கும் உதவுகிற சில விஷயங்கள் உண்டு. அடுப்படி வேலையைக் கொஞ்ச நாள் நீங்களே பாருங்கள். சமைத்துப் பரிமாறுவது அவளுக்கு இப்போது தித்திப்பு தடவிய பட்டினி. நேரத்துக்கு மூன்று வேளை, நடுவில் இரண்டு தடவை சிறு தீனி, நேரம் மாறாமல். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டு, பட்டறையில் என்ன நடந்தது, பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று பேசுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பேசுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தனியே விடாதீர்கள், அப்போதுதான் மனசு அவளை அதிகம் திட்டும்.

அப்புறம் சொந்தக்காரர்கள். நம் ஊரில் வாசலில் கால் வைத்ததும் கேட்கிற முதல் வார்த்தையே உடம்பைப் பற்றித்தான். "என்ன எளைச்சுட்டே", "ஒரு சுத்து பெருத்துட்ட போல", "இப்பத்தான் பூசினாப்புல இருக்கே". அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மறக்கப் பார்க்கிற இடத்தில் அவர்களே அவள் கண்ணைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நீங்கள்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

மிளகுக்கொடி | வியாழன், இரவு 10:45

"தேறிட்டே" மட்டும் வேண்டவே வேண்டாம்மா. நான் நாலு மாசம் கஷ்டப்பட்டு ஏறினதை எங்க சித்தி ஒரே வார்த்தைல இறக்கிவிட்டாங்க. என் காதுல அது "குண்டாயிட்டே"ன்னுதான் விழுந்துச்சு. அவங்க சந்தோசத்துல கண்ணு கலங்கிச் சொன்னாங்கன்னு எங்கம்மா அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

கொலுசுப்பட்டறை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:25

கூட்டிட்டுப் போனோங்க. ரெண்டு நாள் வரமாட்டேன்னா. மூணாவது நாள், இந்தக் கொலுசு விசயத்தை அவகிட்டச் சொன்னேன். எனக்கு கல்யாண வீட்டுல மூஞ்சி தெரியறதில்லை, கால்தான் தெரியுதுன்னு. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு எல்லா இடத்துலயும் அப்படித்தாம்மா இருக்குது. ரொம்ப டயர்டா இருக்குது"ன்னு சொல்லிட்டு மடியில படுத்துட்டா. ஒன்றரை வருசத்துல நான் "ஏன் சாப்பிடலை"ன்னு ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். எங்க பாத்துட்டு இருக்கேன்னு ஒரு தடவை கேட்டதில்லை.

நாடி ரொம்பக் குறைவுன்னு எட்டு நாள் படுக்க வச்சாங்க. இப்ப வாரம் ஒருக்கா போறோம். ஒரு நோட்டு கொடுத்திருக்காங்க, சாப்பிட்டது, அப்ப என்ன தோணுச்சு, எத்தனை தடவை உடம்பை அளந்து பாத்தான்னு அவளே எழுதணும். மொத நாள் எழுதின எண்ணிக்கையைப் பாத்து அவளே மிரண்டு போயிட்டா.

சண்டையும் இருக்குதுங்க. முந்தாநாள் இட்லித் தட்டைத் தூக்கிப் போட்டா. நானும் கத்திட்டேன். சிஸ்டர், கத்தக்கூடாதுன்னு தெரியும், முடியலை.

வார்டு_சிஸ்டர் | ஞாயிறு, மாலை 5:00

பரவாயில்லை அம்மா. அடுத்த வேளைக்கு அதே நேரத்துக்கு இலை போட்டீர்களா? போட்டிருந்தால் சரி.

கொலுசுப்பட்டறை | நான்கு மாதம் கழித்து, செவ்வாய், இரவு 9:50

இன்னும் முழுசா சரியாகலைங்க. கடைக்குப் போனா டப்பா பின்னாடி இருக்கற எழுத்தைப் படிக்காம ஒன்னும் வாங்கமாட்டா. தீட்டு இன்னும் வரலை. டாக்டர் இன்னும் நாளாகும்னாங்க. ஆடி வருது, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நாத்தனார் வீட்டு ஆளுங்க வருவாங்க. சிஸ்டர் அன்னைக்கு எழுதினது மாதிரி, பஸ்ஸு ஏறறதுக்கு முன்னாடியே போன் போட்டு, உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நாத்தனார் கோவிச்சுக்கிட்டாங்க. கோவிச்சுக்கட்டும்.

இதை எழுத வந்த காரணம் வேற. நேத்து ராத்திரி கரண்ட் போச்சு. மெழுகுவத்தி ஏத்தி வச்சு மூணு பேரும் உக்காந்து சாப்பிட்டோம், சப்பாத்தியும் குருமாவும். அஞ்சு ரோட்டுல பஸ்ஸுக்குள்ள ஒரு பாட்டியம்மாவுக்கும் கண்டக்டருக்கும் சில்லறைக்காக நடந்த சண்டையை இவ சொல்ல ஆரம்பிச்சா. பாட்டி மாதிரியே கையை ஆட்டி, கண்டக்டர் விசில் ஊதற மாதிரி ஊதி. பாட்டியம்மா மூக்குத்தி என்ன கல்லு, கூடையில என்ன பூ இருந்துச்சு, அவங்க இறங்கும்போது கண்டக்டரே கூடையை இறக்கிக் கொடுத்தது வரைக்கும் சொன்னா. தம்பி புரையேறிச் சிரிக்கறான். பேச்சு சுவாரசியத்துல கையைப் பாக்காமலேயே பிச்சுப் பிச்சு வாயில போட்டுட்டு இருந்தா. ரெண்டாவது சப்பாத்தி பாதி முடிஞ்சிருந்துச்சு.

நான் ஒன்னும் சொல்லலை. "அப்புறம் அந்தப் பாட்டி எங்க இறங்குச்சு?"ன்னு மட்டும் கேட்டேன்.